கல்லறைகளுக்கு நடுவே ஒரு கச்சேரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் இசை நிகழ்ச்சி நடத்துவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஒலிபெருக்கி கட்டுவதில்தான் இருக்கிறது.

"செத்தவர்களையாவது நிம்மதியாக விடக்கூடாதா?" என்று கேட்பவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தை 1831இல் திறந்தபோதே மரம், குளம், வளைந்து போகும் பாதை என்று, உயிரோடு இருப்பவர்கள் வந்து உலாவுவதையும் மனதில் வைத்துத்தான் அமைத்தார்கள். இன்றைய நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் கிரீன்-வுட் கல்லறைத் தோட்டம் 1838இல் வந்தது. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் வேலை தொடங்கியதே அதற்கு இருபது வருடம் கழித்து. அந்த ஊர்ப் பூங்காவுக்குக் கல்லறைத் தோட்டம் அக்கா முறை!

அதே கிரீன்-வுட்டில், போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளையொட்டி நடக்கும் கச்சேரியில், அங்கே அடக்கமாகியிருக்கும் இசைக்கலைஞர்களின் படைப்புகளை வாசிக்கிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இதை அவமரியாதை என்று சொன்னால் அவரே எழுந்து வந்து சண்டை போடுவார்.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? அப்பா போன முதல் வருடம் அவர் கல்லறைக்கு அடிக்கடி போவேன். பக்கத்தில் யாராவது சிரித்துப் பேசினாலே உடம்பு எரியும். இன்று அதே சிரிப்பு என்னை ஒன்றும் செய்யாது. துக்கத்துக்கும் வயது உண்டு. நூறு வருடக் கல்லறைகளின் நடுவே வயலின் வாசிக்கலாம். நேற்று மூடிய குழிக்குப் பக்கத்தில் கூடாது. டென்மார்க்கில், கோபன்ஹேகனின் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பகுதி பூங்காவாகவும் இன்னொரு பகுதி அடக்கத்துக்காகவும் பிரிந்திருக்கிறது. புல்லில் படுத்துப் புத்தகம் படிப்பவருக்கும் பூவோடு வருபவருக்கும் அங்கே இடமிருக்கிறது.

டிக்கெட் விற்கிறார்களே என்றால், விற்கட்டும். இடம் நிரம்பிவிட்ட பழைய தோட்டத்துக்குப் புதுக் கல்லறைகளால் வருமானம் வராது. மரத்தையும் சுவரையும் யார் பார்த்துக்கொள்வது? ஆனால் நாலு பேர் நாலு தந்தி வாத்தியங்களோடு உட்கார்ந்தால் போதும். மவுண்ட் ஆபர்னுக்கு மே மாதத்தில் வலசை வரும் சின்னஞ்சிறு பறவைகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. ஸ்பீக்கர் அலறும் இடத்தில் அவற்றின் குரல் யாருக்குக் கேட்கும்?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாசித்து முடித்ததும் கைதட்டுவதா, வேண்டாமா? நான் தட்டமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.