ஹெவெல் என்றால் மாயை இல்லை

ஒரு சின்னப் பிள்ளையின் அடக்கத்தில் ஒரு பிரசங்கியார் பேசிய அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பினார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம். அந்தச் சவப்பெட்டி எவ்வளவு சின்னது என்று இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

பார்த்தவர்களுக்குத் தெரியும், பெற்றவள் பெட்டியின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பிரசங்கியார் மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டு, "மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கி சொல்லுகிறான். இந்தப் பிள்ளையும் மாயைதான். இல்லாத ஒன்றுக்காக ஏன் அழுகிறாய் மகளே?" என்கிறார். பின்னாலிருந்து ஓர் 'ஆமென்' வருகிறது. அதை யாரோ வெட்டி, கீபோர்டு இசை சேர்த்து, 'வல்லமையான செய்தி' என்று போட்டுப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லாத ஒன்றா? மூன்று வயதுப் பிள்ளை. அவள் சுமந்து பெற்ற பிள்ளை. அதன் செருப்பு இன்னும் அந்த வீட்டு வாசலில்தான் கிடக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தமிழ் வேதாகமத்தில் பிரசங்கி புத்தகம் முழுக்க 'மாயை' என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஹெவெல்'. ஹே, பேத், லாமேத் என்று மூன்றே எழுத்து. பன்னிரண்டு அதிகாரத்தில் 38 தடவை வருகிறது. முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் மட்டும் ஐந்து தடவை. அதன் அடிப்படைப் பொருள் மூச்சு, நீராவி, வாயிலிருந்து வெளியே போகிற காற்று. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு 'ஹெவெல்' என்று சொல்லிப் பாருங்கள். கையில் ஒரு சூடு படும், உடனே போய்விடும். அதுதான் ஹெவெல். இல்லாதது இல்லை. இருந்து போவது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாதது வேறு, நிற்காதது வேறு.

இது நான் கண்டுபிடித்த புதுப் போதனை கிடையாது. நம் கையிலிருக்கிற அதே பழைய தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 21:6 எடுத்துப் பாருங்கள். பொய்நாவினால் சம்பாதிக்கிற பொருள் சாவைத் தேடுகிறவர்கள் விடுகிற சுவாசம் போலிருக்கும் என்று இருக்கும். அந்தச் 'சுவாசம்' எபிரெயத்தில் ஹெவெல்தான்! அங்கே சுவாசம் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. ஏசாயா 57:13-இல் காற்று அடித்துக்கொண்டு போகும், ஹெவெல் எடுத்துக்கொண்டு போகும் என்று இரண்டும் ஜோடியாக வருகிறது. சங்கீதம் 62-இல் மனுஷரைத் தராசில் வைத்தால் ஹெவெலை விட லேசாக இருப்பார்கள் என்கிறார் சங்கீதக்காரர். மூச்சை விட லேசு என்றால் குழந்தைக்கும் புரியும். மாயையை எந்தத் தராசில் வைப்பது?

நான்காம் நூற்றாண்டில் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே பிரசங்கிக்கு எழுதிய விளக்கத்தில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து மட்டும் 'வீண்' என்கிற பொருளில் சொன்னது, மற்ற கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் 'நீராவி' என்றே போட்டார்கள் என்று எழுதுகிறார். எழுதிவிட்டு அவரும் 'வீண்' என்றே மொழிபெயர்த்தார், அது வேறு கதை.

மாயை என்ற சொல்லுக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டிவைக்கிற மும்மலத்தில் ஒன்றாக வரும் மாயை வெறும் பொய்த்தோற்றம் இல்லை. அவர்களுக்கு அது உள்பொருள், நிஜமாகவே இருக்கிற ஒன்று. அவர்களே இல்லாதது என்று சொல்லாத மாயையை, நாம் பேச்சுவழக்கில் 'எல்லாம் பொய்' என்று ஆக்கி, அதைக் கொண்டுபோய் ஒரு தாயின் தலையில் போட்டிருக்கிறோம். மொழிபெயர்த்த பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் உழைப்பில்தான் நான் ஜெபிக்கக் கற்றேன். அந்தச் சொல்லைக் கல்லாக எடுத்து எறிகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

பிரசங்கி புத்தகத்தையே முழுசாகப் படித்தீர்களா ஐயா? மூன்றாம் அதிகாரத்தில் "அழ ஒரு காலமுண்டு" என்று இருக்கிறதே. பெற்ற பிள்ளையைப் புதைக்கிற நாள் அந்தக் காலம் இல்லையென்றால் வேறு எந்த நாள்? நான்காம் அதிகாரத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை என்று இரண்டு தடவை சொல்லுகிறார். எல்லாம் ஹெவெல் என்று சொன்ன அதே மனுஷர்தான். கண்ணீரைப் பார்த்து, இது இல்லாதது, துடை என்று சொல்லவில்லை. தேற்ற ஆள் இல்லையே என்றுதான் வருத்தப்பட்டார். ஒன்பதாம் அதிகாரத்தில், இந்த ஹெவெலான நாட்களிலெல்லாம் நீ நேசிக்கிற மனைவியோடு வாழ்வை அனுபவி என்கிறார். இல்லாத வாழ்வை யாராவது அனுபவிக்கச் சொல்வார்களா? கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதனால் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்கிறார். யூதர்களில் பலர் இந்தப் புத்தகத்தைக் கூடாரப் பண்டிகையின் ஓய்வுநாளில் வாசிக்கிறார்கள். தழைக் கூரை போட்ட குடிலில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படுகிற பண்டிகை அது. அந்தக் குடிலும் ஒரு வாரம்தான் நிற்கும்.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று முதலில் ஒருவர் வருவார். நான் தொடவில்லை. அவர் பெயரைக்கூட எழுதவில்லை. அவர்தான் ஆறாத காயத்தைத் தொட்டார். "எபிரெயம் தெரிந்தால்தான் பரலோகமா?" என்று அடுத்தவர். இல்லை. எபிரெயத்தில் ஓர் எழுத்துத் தெரியாத எங்கள் தெருப் பெண்கள் சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் உபாகமம் 32-ஐயும் எரேமியா 2-ஐயும் கொண்டுவருவார்கள். அங்கே விக்கிரகங்களை இதே சொல்லால் சொல்லியிருக்கிறதே, ஒன்றுமில்லாதது என்றுதானே பொருள் என்று. ஆமாம், அந்தப் பொருளும் உண்டு. ஆனால் அங்கே பேச்சு மனுஷன் செய்து வைத்ததைப் பற்றி. இங்கே பெட்டிக்குள் கிடந்தது ஒரு பிள்ளை. இதற்கு மேல் இதில் வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஏன் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபம் என்று என் அண்ணனே போனில் கேட்டான். அவனுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டான்.

அம்மா போன அன்று நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆக்சிஜன் மாஸ்க்கின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடும்போது வெள்ளையாக ஆவி படியும். இழுக்கும்போது மறையும். படியும், மறையும். விடியற்காலம் ஒரு தடவை மறைந்தது, திரும்பப் படியவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் நான் வாய்விட்டு அழுதபோது ஒரு மூத்த ஊழியக்காரர் என் தோளைத் தட்டி, "நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கிக்காதே" என்று வசனம் சொன்னார். நான் அழுகையை விழுங்கிவிட்டேன். நல்ல சாட்சி என்று பாராட்டினார்கள்.

விழுங்கியது எங்கே போகும்? ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிப் பானையின் மூடியைத் திறந்தேன். ஆவி அடித்து மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. அம்மா அப்படி ஆகும்போதெல்லாம் முந்தானையில் துடைத்துவிட்டு, "கண்ணே தெரியல பாரு" என்று சிரிப்பாள். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆராதனைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இணையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து எபிரெயம் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், பண்டிதை இல்லை. ஹெவெல் என்ற சொல்லுக்கு வாத்தியார் 'மூச்சு, நீராவி' என்று எழுதிப் போட்ட அன்று எனக்கு அந்த மாஸ்க்தான் ஞாபகம் வந்தது. என் அம்மா மாயை இல்லை. அவள் மூச்சு. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது அந்தப் பிரசங்கியாருக்கு. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் ஆபேல் என்று நாம் வாசிக்கிறோமே, காயீன் கொன்ற தம்பி, எபிரெயத்தில் அவன் பெயர் ஹெவெல். இதே மூன்று எழுத்து. கொஞ்ச நாள் இருந்தான், போய்விட்டான். வேதாகமத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் கர்த்தர் காயீனிடம் வந்து, உன் சகோதரன் ஹெவெல் எங்கே என்று கேட்கிறார். அவனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது என்கிறார். ஹெவெல்தானே, விடு என்று சொல்லவில்லை. கர்த்தரே தேடிக்கொண்டு வந்த பெயர் அது. செத்துப்போன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டதையாவது ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். இன்னும் சில நிமிடத்தில் எழுப்பப் போகிறவர் அழுதார். உங்களுக்கு அந்தத் தாயை அழ விட முடியவில்லை.

அந்தத் தங்கச்சி முகநூலில் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது அவளிடம் சொல்லுங்கள், அந்த வசனத்தில் 'இல்லாதது' என்று எழுதியிருக்கவில்லை. உன் பிள்ளை இருந்தான். மூன்று வருடம் உன் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினான். நீ அழு.

எங்கள் சபையில் இரண்டு அக்காமார் சனிக்கிழமை அந்த ஊருக்குப் போகிறார்கள், நானும் அவர்களோடு போகிறேன். வேதாகமத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம். அவளாகக் கேட்டால் மட்டும் எடுப்போம்.