ஓடோமீட்டரில் 48 கி.மீ. இருக்கா? இருக்கட்டும், கணக்கு கேளுங்க

புது கார் எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். 48 என்று காட்டினால் முகம் மாறிவிடும். "புது வண்டின்னா ஜீரோதானே சார் இருக்கணும்?" என்பார்கள். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவும், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனையைக் குறிப்பிட்டு, "அதெல்லாம் பிடிஐ கிலோமீட்டர் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இரண்டுமே அரைகுறை. ஜீரோ கிலோமீட்டர் கார் என்று ஒன்று யாருக்கும் கிடைக்காது. அதே சமயம், "பிடிஐ" என்ற மூன்றெழுத்து எந்தக் கிலோமீட்டருக்கும் விளக்கம் ஆகிவிடாது. அந்த 48 எங்கெங்கே சேர்ந்தது என்று டீலரால் சொல்ல முடிந்தால் வண்டியை எடுக்கலாம். சொல்ல முடியாவிட்டால் 48 ஆனாலும் 148 ஆனாலும் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும்.

கிலோமீட்டர் சேரும் இடங்கள் இவை. தொழிற்சாலையில் கடைசிக் கட்டத்தில் வண்டியை ரோலர் மேல் ஏற்றி பிரேக், ஏபிஎஸ், கியர் எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் மேடு பள்ளம் வைத்த சின்ன டிராக்கில் ஒரு சுற்று. பிறகு பார்க்கிங், டிரெய்லரில் ஏற்றுவது, இறக்குவது. இதுவரை சில கிலோமீட்டர்தான். அடுத்து டீலரின் யார்டு. சென்னையில் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பைபாஸை ஒட்டித்தான் யார்டு இருக்கும். அங்கிருந்து அண்ணா சாலைக்கோ வேளச்சேரிக்கோ ஓட்டி வந்தாலே 20, 30 சேர்ந்துவிடும். ஆக்சஸரி மாட்ட வேறு கிளைக்குப் போனால் இன்னும் கொஞ்சம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹரியானாவில் செய்த மாருதி டிரெய்லரிலோ ரயிலிலோ வருவதால் மீட்டரில் 15 காட்டலாம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாயையோ ஒரகடத்தில் செய்த ரெனோவையோ யாராவது ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் 60 காட்டும். தூரத்திலிருந்து வந்தது குறைவாகவும் பக்கத்தில் செய்தது அதிகமாகவும் இருப்பதில் தப்பே இல்லை.

என் அளவுகோல் இதுதான்: 50 வரை எங்கே சேர்ந்தது என்று சொன்னாலே போதும். 50 முதல் 100 வரை, அந்தப் பதில் யார்டு தூரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 100 தாண்டினால் வாய்மொழிப் பதில் போதாது, காகிதம் வேண்டும். 200 தாண்டினால் வேறு சேசிஸ் நம்பர், அதாவது வேறு வண்டி, இல்லையென்றால் விலையில் குறைப்பு. இப்படி எல்லை வகுத்துச் சட்டம் எதுவும் இல்லை, இது நடைமுறைக் கணக்கு.

4 கி.மீ. காட்டும் வண்டியைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் சந்தேகப்படுவேன். பிடிஐ ஷீட்டில் ரோடு டெஸ்ட் என்று ஒரு பகுதி இருக்கும். 3 முதல் 5 கி.மீ. ஓட்டிப் பார்த்து இழுப்பு, சத்தம், பிரேக் எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டும். ரோடு டெஸ்ட் முடிந்தது என்று கையெழுத்து இருந்து, மீட்டரில் மொத்தமே 4 இருந்தால் அந்த டிக் நாற்காலியில் உட்கார்ந்து போட்டது. டயர் காற்றைப் பார்த்தாலும் தெரியும். டிரெய்லர் பயணத்துக்கும் யார்டில் மாதக்கணக்கில் நிற்பதற்கும் டயர் தட்டையாகாமல் இருக்க 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து அனுப்புவது வழக்கம். பிடிஐயில் அதை டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, அதாவது பெரும்பாலான கார்களில் 30 முதல் 35க்கு, இறக்க வேண்டும். டெலிவரி அன்று 42 இருந்தால் அந்த வண்டியை யாரும் தொடவே இல்லை.

இனி 100க்கு மேல் போன வண்டிகள். இவற்றில் மூன்று வகை.

முதல் வகை, டீலருக்கு டீலர் மாற்றம். நீங்கள் கேட்ட கலர் சென்னையில் இல்லை, வேலூரில் இருக்கிறது. லாரிக்குக் கொடுப்பதைவிட டிரைவர் பேட்டாவும் பெட்ரோலும் மலிவு. சுமார் 140 கி.மீ. ஓடி வந்துவிடும். கோவை என்றால் 500. இது சட்டப்படி சரியே, பதிவாகாத வண்டியை ஓட்ட டீலருக்குத் தரும் டிரேடு சர்டிபிகேட்டில் ஒரு டீலரிடமிருந்து இன்னொருவரிடம் ஓட்டிப் போகலாம். கவலை அந்த ஓட்டத்தின் தன்மையில்தான். பல கம்பெனிக் கையேடுகள் முதல் 1,000 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே என்கின்றன. இரவோடு இரவாக வண்டியைச் சேர்க்க வேண்டிய டிரைவர் அந்தக் கையேட்டைப் புரட்டியிருக்கப் போவதில்லை.

இரண்டாவது, டிஸ்பிளே வண்டி. இதில் கிலோமீட்டர் ஏறாது, அதனால்தான் ஏமாறுகிறோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் காரில் வருகிறவர் போகிறவரெல்லாம் ஏறி உட்கார்ந்து கியரை ஆட்டி, ஸ்டீரியோவைப் போட்டு, கதவைத் திறந்தபடி விட்டுப் போவார்கள். பேட்டரி திரும்பத் திரும்பக் காலியாகும். ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத் தையலையும், கதவுப் படியின் பிளாஸ்டிக்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், செருப்புக் கீறல் தெரியும். ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 பக்கம் வந்தால் "சார்ஜ் போட்டுத் தர்றோம்" என்ற பேச்சை ஏற்காமல் புதுப் பேட்டரி கேளுங்கள். ஈய-அமிலப் பேட்டரி சில முறை முழுசாக இறங்கினாலே ஆயுள் குறைந்துவிடும்.

மூன்றாவது, டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய வண்டி. இங்கேதான் விதியில் ஓட்டை இருக்கிறது. வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்டுவதற்கும் டிரேடு சர்டிபிகேட்டைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கின்றன. ஆக, பதிவே ஆகாத ஒரு கார் சிவப்பு டிரேடு பிளேட்டோடு ஈசிஆரில் பத்துப் பேரிடம் மிதி வாங்கிவிட்டு, பாலிஷ் போட்டு, காகிதத்தில் முதல் உரிமையாளரின் புது வண்டியாக உங்கள் கைக்கு வரலாம். குளிர்ந்த எஞ்சினை முறுக்குவது, திடீர் பிரேக், கிளட்சைக் கருக்குவது எல்லாம் அதற்குள் நடந்திருக்கும். டெமோ வண்டி என்று சொல்லித் தள்ளுபடியில் விற்றால் அது நேர்மையான வியாபாரம், லாபமாகக்கூட இருக்கலாம். மறைத்து முழு விலைக்கு விற்பதுதான் மோசடி.

மீட்டரையே ஓடாமல் செய்ய முடியாதா என்றால், முடியும். பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றினால் போதும். இப்போது வேகத் தகவல் சக்கர சென்சார்களிலிருந்து ஏபிஎஸ் வழியாக வருகிறது, அதனால் மீட்டர் கிளஸ்டரையே கழற்றியோ அதன் ஃபியூஸைப் பிடுங்கியோ ஓட்டுவார்கள். ஆனால் தடயம் மிஞ்சும். கிளஸ்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஓரத்தில் நெம்பிய பள்ளம் இருக்கும். கிளஸ்டரோடு தொடர்பு அறுந்தது என்பதற்கான யு0155 போன்ற கோளாறு குறியீடு மற்ற கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கலாம். "குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு கணக்கையும் எஞ்சின் கம்ப்யூட்டர் தனியாக வைத்திருக்கும். மீட்டரில் 30, அதில் 190 என்றால் பேச்சு முடிந்தது. நீங்களே கருவியைச் செருக வேண்டாம், அவர்களுடைய ஸ்கேனரிலேயே காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் செலவில்லாமல், தனிப் பயணத் தூரம் காட்டும் டிரிப் ஏ, டிரிப் பி இரண்டையும் பாருங்கள். ஓடோமீட்டர் எண்ணையே குறைத்து வைத்த வண்டியில் டிரிப் அதைவிட அதிகம் காட்டலாம், மறைக்கிறவர்கள் டிரிப்பை ரீசெட் செய்ய மறந்திருந்தால்.

இதையெல்லாம் எப்போது செய்வது? இன்வாய்ஸ் போடுவதற்கு முன்னால். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பர் ஒதுக்கியதும் யார்டில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுப் பணம், இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன். வண்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் மாற்றித் தர டீலர் லேசில் முன்வர மாட்டார். "யார்டுக்குள்ள கஸ்டமரை விட மாட்டாங்க சார்" என்பது வழக்கமான பதில். அப்படியானால் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். அதற்காக ஓடும் 25 கி.மீ. உங்கள் நன்மைக்கே. பகலில் பாருங்கள். கழுவி, ஈரம் காய்ந்த பிறகு பாருங்கள்.

ஆயுத பூஜை அன்றே டெலிவரி வேண்டும் என்றால் தாராளமாக எடுங்கள், ஆனால் அன்றைக்கே பிடிஐ பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வரிசையாக வண்டிகள் நிற்கும், ஐயர் காத்திருப்பார், எலுமிச்சம்பழம் டயருக்கடியில் தயாராக இருக்கும், எல்லோரும் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார்கள். நல்ல நேரம் டெலிவரிக்குத்தான். பிடிஐயை ஒரு வாரம் முன்பே ராகு காலத்தில் பார்த்தாலும் குற்றமில்லை. ஆடியில் பலர் வண்டி எடுக்காததால் ஸ்டாக் தேங்கும், ஆவணியில் கைக்கு வருவது வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியாக இருக்கலாம். சேசிஸ் நம்பரின் 17 எழுத்துகளில் பத்தாவது, பெரும்பாலான கம்பெனிகளில் வருடத்தைக் குறிக்கும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி (T) என்றால் 2026. மாதத்துக்கு, விற்பனைச் சான்றிதழான ஃபார்ம் 21ஐப் பாருங்கள். டயரில் 2325 என்று இருந்தால் 2025ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. ஐந்து டயரும், ஸ்டெப்னியும் சேர்த்து, கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இருக்க வேண்டும்.

சென்னை என்பதால் தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. யார்டுகளும் தாழ்வான காலி மனைகளில்தான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் கறைக்கோடு இருந்தால் தண்ணீர் ஏறிய வண்டி. இருக்கையை முன்னே தள்ளி, தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னிக் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை, கார்ப்பெட்டைத் தூக்கினால் மக்கல் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சேசிஸ் வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் லேசான செந்துரு மட்டும் பயப்பட வேண்டியதல்ல, ஒரு மழைக்கே வரும், சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பிரேக் பேட் படிந்த இடத்தில் குழியாக அரித்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்தால் எலிப் புழுக்கை, கடித்த ஒயர், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் பாருங்கள். டிரெய்லரில் இடிபட்டு டீலரே பெயின்ட் அடித்த வண்டியை, ஃபென்டர், பானட் போல்ட் தலைகளில் உடைந்த பெயின்ட்டும் ரப்பர் பீடிங்கில் ஒட்டிய துளிகளும் காட்டிக்கொடுக்கும்.

ரோடு டெஸ்டை அவர்கள் டிரைவரே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பதிவாகாத வண்டியை நீங்கள் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் சிக்கல். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே ஓடவிட்டுத் தயாராக வைத்திருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் எந்தச் சாலையும் சஸ்பென்ஷன் சத்தத்துக்கு நல்ல பரீட்சை மைதானம். 60க்கு மேல் ஸ்டீயரிங்கில் நடுக்கம் வந்தால் நின்று நின்று தட்டையான டயராக இருக்கலாம். டயர் சூடான பிறகும் அடங்காவிட்டால் எழுதி வாங்குங்கள். டீசல் என்றால் ஒரு கூடுதல் கவலை: பிஎஸ்6 வண்டியின் புகை வடிகட்டி, யார்டுக்குள் ஸ்டார்ட் செய்து இருநூறு அடி நகர்த்தி நிறுத்துவதிலேயே கரி சேர்த்துக்கொள்ளும். அதனால் 8 கி.மீ. காட்டும் பழைய டீசல் ஸ்டாக்கைவிட நேராக 60 ஓடி வந்தது மேல்.

இத்தனை துப்பறியும் வேலை எதற்கு? டீலர் தரும் ஃபார்ம் 21 விற்பனைச் சான்றிதழில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், செய்த மாதம், கலர், எடை வரை இருக்கிறது. ஓடோமீட்டருக்கு ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காவில் வாகனம் கைமாறும்போது ஓடிய தூரத்தை எழுதித் தர வேண்டும் என்று 1972லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க என்ன செலவு? அது வரும்வரை நாமே எழுதி வாங்கலாம். ஒதுக்கீடு ஆனதும் ஒரு மெயில் போடுங்கள்: சேசிஸ் நம்பர், செய்த மாதம், இன்றைய ஓடோமீட்டர் அளவு மூன்றையும் பதிலில் கேளுங்கள். யார்டு கேட்டில் வண்டி வெளியே போகும்போது கிலோமீட்டர் எழுதும் நோட்டு வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் போட்டோவையும் கேளுங்கள். டெலிவரி நோட்டில் மீட்டர் அளவை எழுதிய பிறகே "திருப்தி" கையெழுத்து.

அளவு மீறியிருந்து, மாற்று வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்றால் பேரம் பேசலாம். 500 கி.மீ. ஓடிய காரணத்தாலேயே வண்டி குப்பை ஆகிவிடாது. விலைக் குறைப்பு, நீட்டித்த வாரண்டி, முதல் சர்வீஸில் அவர்கள் செலவில் ஆயில் மாற்றம் ஆகியவற்றைக் கேளுங்கள். எதுவானாலும் இன்வாய்ஸிலோ மெயிலிலோ இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போதாது. டெமோ வண்டியை மறைத்து விற்றது பின்னால் தெரிந்தால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்கு அங்கேயே போகலாம், கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. டெலிவரி அன்று எடுத்த மீட்டர் போட்டோ, பிடிஐ ஷீட், அந்த மெயில் மூன்றும் கையில் இருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.