கதவு உடைபட்ட ராத்திரியை மட்டும் பார்க்காதீர்கள்

எந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தாலும் நம் கைக்கு வந்து சேர்வது ஒரே மாதிரி வீடியோதான். கதவை உடைக்கிறார்கள், ஹெல்மெட் போட்ட போலீஸ் மாடிப்படி ஏறுகிறது, பிள்ளைகளைக் கையைப் பின்னால் கட்டி இழுத்து வருகிறார்கள். பாதிப் பேர் ‘படிக்க அனுப்பினால் இதுதான் வேலையா’ என்று கேட்கிறோம், மீதிப் பேர் வாழ்த்துகிறோம், ரெண்டு நாளில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் போன மாதங்களையும் அதற்குப் பின்னால் வருகிற மாதங்களையும் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நிர்வாகம் எப்படிப்பட்டது என்று தெரிவது அங்கேதான்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1968 என்றதும் எல்லாரும் சொல்வது ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் ஹாமில்டன் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்துக்குள் உட்கார்ந்ததையும், ஏப்ரல் 30 விடிவதற்குள் நியூயார்க் போலீஸ் உள்ளே புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்ததையும்தான். ஆனால் மார்ச் மாதம் என்ன நடந்தது? ராணுவ ஆராய்ச்சி செய்யும் ஒரு அமைப்போடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பை விடச் சொல்லி மாணவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், மனுவை எடுத்துக்கொண்டு நிர்வாகக் கட்டடத்துக்குள் போனார்கள். கட்டடத்துக்குள் ஆர்ப்பாட்டம் கூடாது என்று முந்தைய வருடமே தலைவர் கிரேசன் கிர்க் தடை போட்டிருந்தார். அந்தத் தடையைக் காட்டி, போனவர்களில் ஆறு பேர் மீது மட்டும் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். மனுவில் கேட்டிருந்ததற்குப் பதில் வரவில்லை. இன்னொரு பக்கம், ஹார்லெம் மக்கள் பயன்படுத்தி வந்த பொதுப் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக் கூடம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதி மக்களுக்கு அதில் கீழ்ப்பக்கமாகத் தனி வாசல். கறுப்பின மக்கள் வாழும் இடத்தில் அவர்களுக்குத் தனி வாசல் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. மனு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஊர்வலம் போய்ப் பார்த்தாகிவிட்டது, கேட்டவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் மாணவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பின்னால் என்ன ஆனது என்பது இன்னும் முக்கியம். தடியடிக்கு மறுநாளிலிருந்து அதுவரை ஒதுங்கி நின்ற மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அந்த செமஸ்டரே போனது. ஆகஸ்டில் கிர்க் பதவி விலகினார். உடற்பயிற்சிக் கூடத் திட்டம் கைவிடப்பட்டது. ராணுவ ஆராய்ச்சித் தொடர்பும் போனது. 1969-ல் மாணவர்களும் ஆசிரியர்களும் உட்காரும் செனட் உருவானது. நடந்ததை விசாரித்த ஆர்ச்சிபால்ட் காக்ஸ் குழு, போலீஸின் அத்துமீறலை மட்டும் சொல்லவில்லை, அதற்கு முந்தைய காலத்தில் நிர்வாகம் நடந்துகொண்ட அதிகார தோரணையையும் குறை சொன்னது. ஆக, கேட்டதில் பெரும்பகுதியை நிர்வாகம் கடைசியில் கொடுத்தது. மண்டை உடைந்த பிறகு கொடுத்ததை மனு வந்த அன்றைக்கே பேசியிருக்கலாமே என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல இன்று யாரும் இல்லை.

ஒரு உள்ளிருப்பை உள்ளேயிருந்து பார்த்தவன் நான், எங்கே என்பது முக்கியமில்லை. வெளியே இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி ராத்திரி முழுக்கக் கோஷம் இருக்காது. அலுப்புத்தான் அதிகம். சுவரில் ஒரு தாளை ஒட்டி, யார் எந்த நேரம் கதவுப் பக்கம் விழித்திருப்பது, யார் கழிப்பறையைக் கழுவுவது என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பிளக் பாயின்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு போன். ஓரத்தில் ஒருத்தி மறுநாள் கொடுக்க வேண்டிய அசைன்மென்டை எழுதிக்கொண்டிருந்தாள். எல்லார் மனதிலும் ஓடிய கேள்வி ஒன்றுதான், ‘பேச யாராவது வருவாங்களா?’ வந்தார்கள். உதவிப் பதிவாளர் ஒருவர் வந்தார், ‘என்னால எதுவும் முடிவு சொல்ல முடியாது, மேல சொல்றேன்’ என்றார், போய்விட்டார். மறுநாள் வேறொருவர் வந்து அதே வார்த்தையைச் சொன்னார். முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிற ஒரு ஆள் அந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் பாதிப் பேர் அன்றைக்கே எழுந்து போயிருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

போலீஸைக் கூப்பிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நம்புகிற நிர்வாகங்களுக்கு 2024 ஏப்ரலே போதும். அதே கொலம்பியா, காஸா போரை எதிர்த்து, இஸ்ரேலோடு தொடர்புள்ள முதலீடுகளைத் திரும்பப் பெறச் சொல்லிப் புல்வெளியில் கூடாரம் போட்ட மாணவர்களை ஏப்ரல் 18 அன்று போலீஸை வைத்து அப்புறப்படுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. உடனே பக்கத்துப் புல்வெளியில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள், அடுத்த சில நாட்களில் அமெரிக்கா முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கூடாரங்கள் முளைத்தன. ஏப்ரல் 30 அதிகாலையில் மறுபடியும் அதே ஹாமில்டன் ஹால் மாணவர்கள் கையில். அன்று ராத்திரியே போலீஸ் மறுபடியும் உள்ளே, 1968-ல் நுழைந்த அதே தேதியில். உள்ளே ஒரு அதிகாரியின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது, யார் மேலும் படாதது அதிர்ஷ்டம்தான். பிரதான பட்டமளிப்பு விழா ரத்தானது, ஆகஸ்டில் தலைவர் மினூஷ் ஷஃபீக் பதவி விலகினார். 68-ஐப் பற்றி அதே பல்கலைக்கழக நூலகம் ஆவணக் கண்காட்சியே வைத்திருக்கிறது. படித்துப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை.

டேவிஸில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், 2011 நவம்பர் 18. மாணவர்கள் நடைபாதையில் ஒருவர் கையோடு ஒருவர் கை கோத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் எழவில்லை, யாரும் கை ஓங்கவில்லை. ஒரு வளாகப் போலீஸ் அதிகாரி நிதானமாக நடந்துகொண்டே, செடிக்கு மருந்தடிப்பது போல, அவர்கள் முகத்தில் மிளகு ஸ்பிரே அடித்துக்கொண்டு போகிறார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், ஆரஞ்சு நிறத்தில் அது தலையிலும் சட்டையிலும் வழிகிறது. மறு வருடம் 10 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது, அதில் 21 பேருக்குத் தலா 30,000 டாலர். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இணையத்தில் தேடினால் அந்தச் சம்பவம் முன்னால் வராமல் பார்த்துக்கொள்ள ஆலோசனை நிறுவனங்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் கொடுத்தது 2016-ல் வெளியே வந்தது. செய்ததைத் திருத்த நினைக்காமல் தேடல் முடிவைத் திருத்தப் போனார்கள், வயிறு எரிகிறது.

சரி, போலீஸை மட்டும் கூப்பிடாமல் இருந்தால் போதுமா? போதாது. 1969-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிர்வாகக் கட்டடத்தை மாணவர்கள் ரெண்டு வாரத்துக்கும் மேலாகப் பிடித்து வைத்திருந்தார்கள். தலைவர் எட்வர்ட் லெவி கடைசி வரை போலீஸைக் கூப்பிடவில்லை, அதற்காக இன்றும் பாராட்டப்படுகிறார். ஆனால் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு 42 பேர் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டார்கள். தடியடிக்கு வீடியோ இருக்கும், ரத்தம் தெரியும், நாலு பேர் கேட்பார்கள். விசாரணை அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து ஒருவனின் படிப்பை முடித்துவைப்பதற்குக் கேமரா வராது. அதிலும் புகார் கொடுப்பதும் நிர்வாகம், விசாரிப்பதும் நிர்வாகம், தண்டிப்பதும் நிர்வாகம். 2024-ல் கொலம்பியாவோடு இணைந்த பெண்கள் கல்லூரியான பர்னார்டில் இடைநீக்கம் ஆன மாணவிகளுக்கு ஹாஸ்டல் அறையும் சாப்பாட்டுக் கூடமும் சேர்த்தே மூடப்பட்டன, விசாரித்து முடிப்பதற்கு முன்னாலேயே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் இடைநீக்கம் ஒரு தடங்கல், அவ்வளவுதான். உதவித்தொகையில் படிக்கிறவருக்கு அதோடு படிப்பே போகலாம், வெளிநாட்டு மாணவருக்கு விசா போகலாம். ஒரே தாளில் ஒரே வார்த்தையில் எழுதினாலும் அது ஒரே தண்டனை ஆகாது. ‘எல்லாரையும் சமமாகத்தான் நடத்தினோம்’ என்று பத்திரிகைக் குறிப்பு விடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

மாணவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2024-ல் ஹாமில்டன் ஹாலில் இரவு வேலையில் இருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு பயந்துபோனார்கள். அது தவறு, அதற்கு எந்தக் கொள்கையும் சமாதானம் ஆகாது. மதத்தையோ இனத்தையோ சொல்லிச் சக மாணவரை மிரட்டுவது போராட்டமே கிடையாது, அதைச் செய்தவர் யாரோ அவர் மேல் நடவடிக்கை எடுக்கட்டும். கண்ணாடியை உடைத்தவர் பணம் கட்டட்டும். நான் கேட்பது, யார் என்ன செய்தார் என்று தனித்தனியாகப் பாருங்கள் என்பதைத்தான். ஓரமாக உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதியவளையும் தொழிலாளியை மறித்தவனையும் ஒரே நோட்டீஸில் சேர்க்காதீர்கள். விசாரிப்பவர்கள் நிர்வாகத்தின் ஆட்களாக இருக்கக் கூடாது, ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் இருக்க வேண்டும். முடிவு வரும் வரை அறையையும் சாப்பாட்டையும் தொடக் கூடாது.

‘ஒரு தடவை இறங்கிப்போனால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து உட்காருவான்’ என்று ஒரு வாதம் எப்போதும் வரும். அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைப் பாருங்கள். புகழ்பெற்ற பழைய சுவடி ஒன்றைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை மறித்ததால் வருமானம் போனது என்று மாணவர் சங்கத்துக்கு 2 லட்சத்து 14 ஆயிரம் யூரோ அபராதம் போட்ட நிர்வாகம் அது. 2024 மே மாதம் அங்கேயும் அதே காஸா கோரிக்கையோடு கூடாரம் முளைத்தது. சில நாட்களில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், மாணவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தையும் சொல்கிறேன். அது ஒன்றும் கருணை இல்லம் இல்லை, 2023 டிசம்பரில் உள்ளிருப்பு செய்த 41 மாணவர்களைக் கைது செய்யவைத்த நிர்வாகம்தான். ஆனால் 2024 ஏப்ரல் 30, ஆமாம், ஹாமில்டன் ஹாலுக்குள் போலீஸ் போன அதே நாள், கோரிக்கையும் கிட்டத்தட்ட அதேதான், அங்கே பேச்சுவார்த்தை நடந்து கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. முதலீடுகளைத் திரும்பப் பெறுவது பற்றி ஆட்சிக்குழுவில் வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது, ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த நிர்வாகத்தினர் காது கொடுத்துக் கேட்டார்கள், தேதி சொன்னார்கள், சொன்ன தேதியில் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்றார்கள். ‘எங்களுக்கு வேறு என்ன வழி இருந்தது’ என்று கொலம்பியா நிர்வாகத்துக்காகப் பேசுகிறவர்கள், அன்றைக்குச் சாயங்காலம் பிரவுனில் கூடாரங்கள் எப்படிக் கழற்றப்பட்டன என்பதை விளக்கட்டும்.