கார்டைத் திருப்பி ஒரு வரி படிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?

போன சனிக்கிழமை டப்ளின்ல என் நாத்தனார் பொண்ணுக்கு காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுதான் குத்தணும், அந்தத் தாய்மாமன் எங்க வீட்டுக்காரர். வாங்கோ, சீர் தட்டை எடுத்துட்டு வாங்கோன்னு அங்க எல்லாரும் கூப்பிட்டுட்டு இருக்கற நேரத்துல, அந்தத் தட்டை ஏந்த வேண்டிய நான் ஜெர்மனியில எங்க வீட்டு சோபாவுல உக்காந்து வீடியோ கால்ல பாத்துட்டு இருந்தேன். நெட் வேற நின்னு நின்னு வந்துச்சு, குழந்தை வாயத் தொறந்து அழுற ஃபிரேம்லயே நின்னுபோச்சு.

ஏன்னா மொதநாள் சாயங்காலம் ஏர்போர்ட் கவுன்ட்டர்ல ஒரு அம்மா எனக்கு அயர்லாந்து விசா வேணும்னு முடிவு பண்ணிட்டாங்க. சட்டம் வேணாம்னு சொல்லுது, அவங்க வேணும்னாங்க, அவங்கதான் ஜெயிச்சாங்க.

எங்க கதை கொஞ்சம் சுத்து. இவரு பாண்டிச்சேரிக்காரர், பாஸ்போர்ட் பிரெஞ்சு. 1962ல பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ பிரெஞ்சு குடியுரிமையே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்த குடும்பம், தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துக்காரர். நான் விழுப்புரம், இந்தியன் பாஸ்போர்ட். வேலைக்காக ஜெர்மனியில இருக்கோம். பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் வேற ஐரோப்பிய யூனியன் நாட்டுல போய் வாழும்போது அவரோட பொண்டாட்டிக்கு அந்த நாடு ஒரு கார்டு குடுக்கணும், அது 2004ல யூனியன் போட்ட டைரக்டிவ், அதாவது எல்லா யூனியன் நாடும் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டம், நம்பர் 2004/38. அதுல ஆர்ட்டிகிள் 10 படி குடுக்கற கார்டு கையில இருந்தா, வீட்டுக்காரரோட போனாலும் சரி, அவர் இருக்கற எடத்துக்குப் பின்னாடி போனாலும் சரி, மத்த யூனியன் நாட்டுக்கு விசா தேவையில்ல, அது ஆர்ட்டிகிள் 5. இதை நான் சொந்தமா கண்டுபிடிக்கல, என் கார்டுலயே ஆர்ட்டிகிள் 10, 2004/38னு அச்சடிச்சிருக்கு. அதுவும் ஜெர்மன்ல. ஜெர்மனியில வேலை பாக்கற ஆளுக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாதா என்ன.

அந்தம்மா கார்டை வாங்கினாங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாங்க, நகத்தால ஓரத்தை சுரண்டிப் பாத்தாங்க. "அயர்லாந்து விசா எங்க?" விசா வேணாம், இந்த கார்டு போதும்னேன். "இது ஜெர்மனி பெர்மிட், அயர்லாந்து ஷெங்கன்ல இல்ல." ஷெங்கன்ல இல்லைன்னு எனக்குத் தெரியாதா, நான் ஷெங்கனைப் பத்தி பேசவே இல்லையே! ஷெங்கன்ங்கறது நாட்டுக்கு நாடு எல்லைச் சோதனை இல்லாத கூட்டு, அது வேற, யூனியன் வேற. அயர்லாந்து, சைப்ரஸ் ரெண்டும் ஷெங்கனுக்கு வெளிய இருந்தாலும் யூனியனுக்கு உள்ள, அதனால இந்த டைரக்டிவ் அங்கயும் செல்லும், அயர்லாந்தும் இந்த கார்டை ஒத்துக்குது. இதெல்லாம் பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு, பிரெஞ்சு கான்சுலேட்ல கல்யாணத்தைப் பதிஞ்சு அலைஞ்சு திரிஞ்சு வாங்கின லிவ்ரே ஃபாமி, அதான் பிரெஞ்சு குடும்பப் பதிவுப் புத்தகம், அதையும் சேர்த்து நீட்டினா, ஃபைலைத் தொடக்கூட இல்ல. ஸ்க்ரீன்ல 'இந்தியா'ன்னு தட்டினாங்க, 'விசா தேவை'ன்னு வந்துச்சு, முடிஞ்சுது. கீழ ஸ்க்ரோல் பண்ணா விதிவிலக்கு இருக்கும்மான்னு கெஞ்சறேன், பின்னாடி வரிசையில ஒருத்தன் பெருமூச்சு விடறான்.

சூப்பர்வைசர் வந்தாரு. அவரும் அதே ஸ்க்ரீனைப் பாத்துட்டு அதே பதில சொல்லிட்டுப் போயிட்டாரு. கேட் மூட இருபது நிமிஷம். இவரு நானும் போகலன்னு பையைக் கீழ வெச்சுட்டாரு. நான் இல்லாம காது குத்தலாம், மாமன் மடி இல்லாம எப்படி குத்தறது, போங்கன்னு பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினேன். சீர் சாமான், பட்டுப்பாவாடை, மாமியார் குடுத்தனுப்பின அதிரசம் எல்லாம் அவர் பையில அள்ளிப் போட்டேன். அந்த அவசரத்துல தோடு மட்டும் என் கைப்பையிலயே நின்னுபோச்சு, கர்சீப்ல முடிஞ்சு வெச்சிருந்தேன், வீட்டுக்கு வந்து பஸ் டிக்கெட்டைத் தேடும்போதுதான் கையில தட்டுப்பட்டுது.

அந்தம்மா மேல கூட எனக்கு பாதி கோவம்தான். மீதி கோவம் இந்த ஏற்பாட்டு மேல. சரியான பேப்பர் இல்லாத ஆளை ஏத்திட்டு வந்தா விமானக் கம்பெனிக்கு அபராதம். 2017ல லண்டன்லேர்ந்து புடாபெஸ்ட் போன ஃபிளைட்ல ஒரு உக்ரைன்காரர், கையில பிரிட்டன் குடுத்த நிரந்தர குடும்ப கார்டு, ரயன்ஏர் ஏத்திக்கிச்சு, ஹங்கேரி போலீஸ் 3000 யூரோ அபராதம் போட்டுது. கேஸ் ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் போயி 2020 ஜூன்ல ஏத்தினது சரிதான், கார்டே போதும், வேற அத்தாட்சி கேக்க வேண்டியதில்லன்னு தீர்ப்பு வந்துது. ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ கவுன்ட்டர்ல நிக்கற ஆள் என்ன நெனைப்பாங்க? ஏத்தினா கம்பெனிக்கு 3000, இறக்கிவிட்டா ஒண்ணுமில்ல. இறக்கிவிடறதுதானே சேஃப்! சட்டத்தைத் தப்பாப் படிச்சு என்னை இறக்கிவிட்டதுக்கு எந்த போலீசும் யாருக்கும் அபராதம் போடப்போறதில்ல.

டிக்கெட் இருந்தும் ஏத்தாம விட்டா யூனியன் விதிப்படி நஷ்டஈடு உண்டு, 1500 கிலோமீட்டருக்குள்ள 250 யூரோ, ஆனா பேப்பர் சரியில்லாம இறக்கினா கிடையாதுன்னு அதுலயே ஒரு ஓட்டை. என் பேப்பர் சரியாத்தான் இருந்துதுன்னு எழுதினா 'பயண ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு'ன்னு ரெடிமேட் பதில். பேப்பர் சரியா இல்லையாங்கறதுல ஏர்லைன் சொல்றதே கடைசி இல்ல, அதுவும் 2020ல ஐரோப்பிய கோர்ட்டே சொன்னதுதான், ஆனா 250 யூரோவுக்கு எத்தனை பேர் கோர்ட்டுக்குப் போவாங்க? இந்த மாதிரி உரிமைப் பிரச்சனைக்குன்னே சால்விட்னு இலவசமா ஒரு சேவை யூனியன்ல இருக்கேன்னு அங்க போய்ப் பாத்தா, அது அரசாங்க ஆபீஸ் பண்ற தப்புக்கு மட்டும்தானாம், தனியார் கம்பெனின்னா எடுக்க மாட்டாங்களாம். எல்லையில நிக்கற வேலையைத் தூக்கி கம்பெனி தலையில கட்டினது அரசாங்கம், புகார் குடுக்கப் போனா கம்பெனி எங்க கணக்குல வராதுங்கறதும் அதே அரசாங்கம். நல்லா இருக்குல்ல?

இதுக்கு நடுவுல சொந்தக்காரங்க அட்வைஸ். "எதுக்கு வம்பு, ஒரு விசா எடுத்துட்டுப் போயிருக்கலாமே." ஏன் எடுக்கணும்? பிரிட்டன் யூனியன்ல இருந்தப்போ இப்படித்தான், ஸ்பெயின்ல குடியிருந்த ஒரு கொலம்பியா நாட்டுப் பொண்ணை, ஸ்பெயின் குடுத்த கார்டு கையில இருந்தும், ஒவ்வொரு ஆறு மாசத்துக்கும் பெர்மிட் வாங்க வெச்சாங்க, புருஷனோட சொந்த நாட்டுக்குப் போறதுக்கு! அந்தம்மா கேஸ் போட்டு 2014 டிசம்பர்ல ஜெயிச்சாங்க. அவங்க ஜெயிச்சது நான் மறுபடி க்யூவுல நிக்கறதுக்கா?

கார்டு இல்லாதவங்க பாடு இன்னும் மோசம். ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தி சென்னையில இருக்கா, வீட்டுக்காரர் போர்ச்சுகல் பாஸ்போர்ட், ரெண்டு பேரும் ஸ்பெயின் போகணும். அவளுக்கு விசா ஃபீஸே கிடையாது, மத்தவங்களுக்குத்தான் 90 யூரோ. பாஸ்போர்ட், கல்யாண சர்டிபிகேட், அவரோட போறேங்கற ஆதாரம், இவ்ளோதான் கேக்கணும். விசா சென்டர்ல கேட்டது என்ன தெரியுமா, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ். இதெல்லாம் தேவையில்லையேன்னு சொன்னா 'லிஸ்ட்ல இருக்கு மேடம்'.

எங்க பக்கத்து வீட்டு அக்கா மதுரை, அவங்க வீட்டுக்காரர் ஜெர்மன்காரர், இருக்கறதும் ஜெர்மனி. அவர் சொந்த நாட்டுலயே இருக்கறதால ஜெர்மனியில இந்த டைரக்டிவ் அவங்களுக்குப் பொருந்தாது, கார்டும் வேற வகை, அவங்களுக்கு டப்ளின் போக நெஜமாவே விசா வேணும். பிரெஞ்சுக்காரர் பொண்டாட்டிக்கு ஜெர்மனியில இருக்கற சலுகை ஜெர்மன்காரர் பொண்டாட்டிக்கு இல்ல. அதை அந்தக்கா கிட்ட விளக்கப் போயி அரை மணி நேரம் ரெண்டு பேரும் சிரிச்சதுதான் மிச்சம்.

ஞாயித்துக்கிழமை காலைல புது டிக்கெட் போட்டு அதே ஏர்போர்ட், அதே கவுன்ட்டர். ஒரு சின்னப் பையன் உக்காந்திருந்தான். கார்டை வாங்கினான், திருப்பினான், படிச்சான், வீட்டுக்காரர் எங்கன்னான், டப்ளின்லன்னேன், போர்டிங் பாஸ்ல முத்திரை குத்தினான். பத்து செகண்ட் இருக்குமா? அங்க நின்னே எனக்கு அழுகை வந்துடுச்சு, அந்தப் பையன் பயந்துட்டான். டப்ளின் இமிகிரேஷன்ல இவரோட பாஸ்போர்ட் காப்பியும் லிவ்ரேவும் பாத்துட்டு உள்ள போங்கன்னுட்டாங்க, பாஸ்போர்ட்ல சீல் கூட குத்தல. இந்த கார்டு இருந்தா குத்தக்கூடாது, அதுவும் அதே ஆர்ட்டிகிள் 5தான்.

வீட்டுக்குப் போனா குழந்தை தூங்குது, ரெண்டு காதுலயும் மஞ்சள் காஞ்சு கெடக்கு, காதுல நாத்தனாரோட சின்ன வயசுத் தோடு. நான் வாங்கின தோடை இப்ப மாத்தக்கூடாது, புண்ணு ஆறட்டும்னுட்டாங்க. கர்சீப்போட பீரோவுல வெச்சுட்டு வந்தேன்.