அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூட்டுப்பட்டாவைப் பாருங்கள்

நிலத்துக்கு முழுப்பணம் கொடுக்காமல், கொஞ்சம் அட்வான்ஸில் கிரய (விற்பனை) ஒப்பந்தம் போட்டுவிட்டு, விலை ஏறியதும் வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வழி உண்மைதான். எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் நான்குவழிச் சாலை வேலை ஆரம்பித்ததிலிருந்து பலரும் இதைத்தான் செய்கிறார்கள். "என் பெயருக்கோ நான் காட்டும் நபர் பெயருக்கோ" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கைமாற்றுவது சுலபம். கட்டுரையில் அதைக் காணோம்.

நானும் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு ஆறு மாத கெடுவில் அட்வான்ஸ் கொடுத்தேன். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. ஆனால் பட்டா கூட்டுப்பட்டா, அதாவது ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரில் இருந்தது. வாங்க வந்தவரை அழைத்துப் போய் வரப்பில் நிற்கிறோம், ராகி அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எங்க அண்ணன் வித்துட்டாரா? நான் கையெழுத்தே போடலையே" என்றார். வந்தவர் அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டார். அட்வான்ஸ் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் இரண்டு வருஷம் நடந்து.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்காதீர்கள். கெடு தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கிரயம் கேட்கும் உரிமை போய்விடும். வழக்குப் போட்டாலும் மீதிப்பணத்தோடு தயாராக இருந்தோம் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். கைமாற்றும் நம்பிக்கையில் மட்டும் இறங்குகிறவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

அப்புறம், விற்கிற விவசாயியிடம் கைமாற்றும் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் பத்திர ஆபீசுக்கே வரமாட்டார், அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.