2008 பர்கண்டியும் ‘மோசமான வருஷம்’ என்கிற முத்திரையும்

பழைய சிவப்பு பர்கண்டி, அதாவது பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் விளைகிற சிவப்பு ஒயின் வாங்கலாமா என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது திராட்சை பறித்த வருஷத்தைத்தான். 2005 என்றால் கண் விரியும். 2009, 2010 என்றால் தலை ஆடும். 2004, 2007, 2008, 2011 என்றால் “ம்ம், பார்த்து வாங்குங்க” என்பார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம். ஒயினில் ஆர்வம் இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் என்ன காய்ச்சல் என்று கேட்பார். ஒயின்காரர்கள் கேட்பதில்லை. பனி கொளுத்திய வருஷம், ஆலங்கட்டி அடித்த வருஷம், மழையில் அழுகிய வருஷம், வெயிலே வராத வருஷம், வெயில் பொசுக்கிய வருஷம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘கடினமான ஆண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்துக் கோப்பையில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளாக வந்து நிற்கும். சில வந்து நிற்கவே நிற்காது.

சென்ற மாதம் பாரிஸில் ஓர் அண்ணன் வீட்டில் ஒரு பாட்டில் திறந்தோம். அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பிரான்ஸுக்கு வந்ததிலிருந்து உணவகச் சமையலறைதான் வாழ்க்கை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி இன்று அடுப்பு முழுக்க அவர் பொறுப்பு. ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது. மீதிப் பாதியை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

பாட்டில் 2008ஆம் ஆண்டு. பர்கண்டியின் டிஜோன் நகரத்துக்குத் தெற்கே ழெவ்ரே-ஷாம்பர்தன் என்ற ஊர், அதில் லாவோ சாங்-ழாக் என்ற தோட்டம், பிரமியே க்ரூ தரம், அதாவது உச்சியில் இருக்கிற கிராண்ட் க்ரூவுக்கு அடுத்த படி. தயாரிப்பாளர் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். இந்தத் தோட்டம் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது. மலைப் பக்கமிருந்து குளிர் காற்று நேராக இறங்கும், பழம் தாமதமாகப் பழுக்கும். குளிர்ந்த தோட்டம், குளிர்ந்த வருஷம். விமர்சகர்கள் போடுகிற மதிப்பெண் பட்டியலை நம்பி வாங்குகிற யாரும் தொடாத பாட்டில்.

2008இல் பர்கண்டியில் கோடை சரியாக வரவேயில்லை. மேகம், மழை, குளிர். ஈரத்தின் பின்னாலேயே பூஞ்சை வந்தது. இலையில் ஒரு வகை, பழத்தில் ஒரு வகை. சிவப்பு பர்கண்டிக்கான திராட்சையான பினோ நுவாருக்கு இதைவிடச் சோதனை கிடையாது. மெல்லிய தோல், குலையில் பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போச்சு. செப்டம்பர் தொடக்கத்தில் பல விவசாயிகள் அந்த வருஷத்தையே கைகழுவிவிட்ட மனநிலையில்தான் இருந்தார்கள். மாத நடுவில் வடக்குக் காற்று எடுத்தது. அந்த ஊரில் அதை ‘பீஸ்’ என்பார்கள். குளிர்ந்த, வறண்ட காற்று. அழுகல் நின்றது. வானம் வெளுத்தது. பழத்தில் இருந்த நீர் வற்ற ஆரம்பித்தது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாகப் பறித்தார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பழம் வெயிலில் நிதானமாகப் பழுக்கவில்லை. பெரும்பாலும் காற்றில் வற்றிச் செறிந்தது. சர்க்கரை செறிந்தபோது புளிப்பும் சேர்ந்தே செறிந்தது. பச்சை ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலம் அந்த வருஷப் பழத்தில் எக்கச்சக்கம். ஒயின் பீப்பாயில் கிடக்கும்போது பாக்டீரியா இதைத் தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக மாற்றும். அப்போதுதான் கூர்மை மழுங்கும். பொதுவாக அடுத்த வசந்தத்துக்குள் முடிந்துவிடும் வேலை. 2008இல் பல நிலவறைகளில் இது 2009 கோடையையும் தாண்டி இழுத்தடித்தது. அதற்கு முன்பே பீப்பாயிலிருந்து எடுத்து ருசி பார்த்து எழுதியவர்கள், வேலை முடியாத ஒயினைத்தான் ருசி பார்த்தார்கள். ஒயின் மாறிவிட்டது. அன்று போட்ட மதிப்பெண் மட்டும் இணையத்தில் அப்படியே நிற்கிறது.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். கார்க்கின் கீழ்ப் பாதி கறுத்து ஊறிப்போயிருந்தது. வழக்கமான திருகாணியை அண்ணன் தொடவே இல்லை. திருகாமல் எடுக்க இரண்டு மெல்லிய தகடு வைத்த திறப்பான் ஒன்று இருக்கிறது. தகடுகளைக் கார்க்கின் இரண்டு பக்கமும் இறக்கி, ஆட்டி ஆட்டி, பல் பிடுங்குகிற பொறுமையோடு எடுத்தார். பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்திருந்ததால் வண்டல் அடியில் படிந்திருந்தது. ஒயினைக் காற்றாட விடுகிற கண்ணாடிக் குடுவையான டிகாண்டரில் ஊற்றலாமா என்றேன். முறைத்தார். வயதான பினோவை மொத்தமாகக் காற்றில் கவிழ்த்தால் இருக்கிற வாசமும் சீக்கிரம் போய்விடும் என்பது அவர் கட்சி. எல்லாரும் ஒத்துக்கொள்கிற கட்சி இல்லை, ஆனால் பாட்டில் அவருடையது.

நிறம் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல். பழைய பர்கண்டி இப்படித்தான் இருக்கும். அடர்த்தியாக இல்லையே என்று யாரும் மிரள வேண்டாம். முதலில் மூக்கில் அடித்தது பூட்டிக் கிடந்த அறையின் வாசனை. வாயில் வைத்தால் நேராகப் புளிப்பு, பின்னால் கொஞ்சம் இரும்பு. பழம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“புளிக்குதண்ணே” என்றேன்.

“புளிக்கத்தான் செய்யும். பொறு தம்பி, அவசரப்படாதை.”

அரை மணி நேரம் கோப்பையில் விட்டோம். அறை வாசம் விலகியது. முதலில் காய்ந்த ரோஜா இதழ், அப்புறம் மழைக்குப் பிந்தைய காட்டுத் தரை, காளான், மக்கிய இலை. அதற்கும் அடியிலிருந்து சிவப்புப் பழம் மெல்ல மேலே வந்தது. சின்னச் சின்ன ரெட் கரண்ட் பழத்தின் சாறு மாதிரி துல்லியமாக. புளிப்பு எங்கும் போகவில்லை. ஆனால் முதலில் நாக்கைக் கிள்ளிய அதே புளிப்பு இப்போது எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினேழு வயதில் இந்த ஒயின் சோர்ந்து படுக்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். துவர்ப்பு கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. விழுங்கிய பிறகும் வாசம் தொண்டையில் நின்றது.

பக்கத்தில் அதே தயாரிப்பாளரின் 2009 வைத்திருந்தார் அண்ணன். வெயில் நிறைந்த வருஷம், எல்லாரும் கொண்டாடியது. திறந்த உடனேயே அது ஜெயித்துவிட்டது. இனிமையான செர்ரி, வழுவழுப்பு, யாருக்கும் பிடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே செர்ரி, அதே வழுவழுப்பு. எனக்கு அலுத்துவிட்டது. மேசையில் இருந்த இன்னொருவர் கடைசி வரை 2009 பக்கம்தான் நின்றார், அவரைக் குறை சொல்ல முடியாது. என் ஆட்சேபம் வேறு: 2009ஐக் குடிக்கும்போது வெயில் தெரிந்தது, 2008இல் அந்தப் பள்ளத்தாக்கு தெரிந்தது.

உடனே “கஷ்டமான வருஷத்து ஒயினில்தான் மண் பேசும்” என்று கவிதை பாட ஒரு கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். மழை வருஷத்தில் மண் பேசுவது உண்மைதான், ஆனால் சில இடங்களில் அது பேசுவதைக் கேட்கச் சகிக்காது. பர்கண்டியிலேயே இருக்கிற க்ளோ து வூஜோ ஒரு நல்ல உதாரணம். சிஸ்தேர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் சுற்றுச்சுவர் எழுப்பிய சுமார் 50 ஹெக்டேர் தோட்டம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு துறவிகளிடமிருந்து பிடுங்கி விற்றார்கள். பின்னால் கைமாறி, பாகம் பிரிந்து, இன்று சுமார் 80 உரிமையாளர்கள். சுவருக்குள் இருப்பது எல்லாமே கிராண்ட் க்ரூ. ஆனால் மேல் சரிவில் தண்ணீர் வடியும். நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்ப் பகுதி தட்டை, கனமான மண், தண்ணீர் நிற்கும். வறண்ட வருஷத்தில் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடலாம். மழை வருஷத்தில் மறைக்க முடியாது. லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

மண்ணைவிட முக்கியம் கை. 2008 மாதிரி வருஷத்தில் பறித்த குலைகளை மேசையில் பரப்பி, ஆள் வைத்து, அழுகியதையும் பழுக்காததையும் பொறுக்கி எறிய வேண்டும். எறிவது என்றால் பணத்தை எறிவது. ஏற்கெனவே குறைந்த விளைச்சலில் இன்னும் குறைக்க யாருக்கு மனசு வரும்? மனசு வந்தவர்களின் ஒயினைத்தான் இன்று குடிக்க முடிகிறது. சர்க்கரை போதவில்லை என்றால் சாற்றில் சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. நெப்போலியன் காலத்து வேதியியலாளர் ஷப்தால் பெயரில் வழங்குகிற முறை. அது இனிப்புக்கு இல்லை, ஆல்கஹாலை ஏற்றத்தான். ஒன்றிரண்டு சதவீதம் ஏறும். பழுக்காத தோலைப் பழுக்க வைக்க ஷப்தாலாலும் முடியாது.

அதனால்தான் 2004 பக்கம் நான் போவதில்லை. வெப்ப அலை அடித்த 2003க்குப் பிறகு கொடிகள் அளவுக்கு மீறிக் காய்த்தன. கோடை மந்தம், சாம்பல் பூஞ்சை வேறு. செப்டம்பர் வெயில் ஓரளவு காப்பாற்றியது என்பார்கள். ஆனால் பல 2004 சிவப்புகளில் பழத்துக்கு மேல் ஒரு பச்சை வாசம் உட்கார்ந்திருக்கும். குடமிளகாயை நறுக்கிய கத்தி மாதிரி. சிலர் இதற்குப் பொறிவண்டைக் குற்றம் சொல்கிறார்கள். குலையோடு பறிபட்டு நசுங்கும் வண்டிலிருந்து வரும் மெத்தாக்ஸிபைரசின் என்ற பொருள், லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2001இல் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்து, அங்குள்ள புரொக் பல்கலைக்கழகத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 2004 பர்கண்டிக்கும் வண்டுதான் காரணமா, வெறும் பழுக்காத பழமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. குடிப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். புளிப்பு வயதானால் இணங்கி வரும். இந்தப் பச்சை, நான் குடித்தவரை, இணங்கவில்லை.

ஆலங்கட்டி வேறு கதை. வோல்னே, பொமார் ஊர்களில் 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அடித்தது. அடிபட்ட தோலிலிருந்து வறட்டுத் துவர்ப்பு வரலாம். ஆனால் அங்கே பெரிய நஷ்டம் விவசாயிக்குத்தான், மூன்று வருஷம் பீப்பாய் காலி. உறைபனி இன்னும் வேறு. 2016 ஏப்ரல் கடைசியில் பனி கொளுத்தியதில் சில தோட்டங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. தப்பிப் பழுத்த திராட்சையிலிருந்து வந்த சிவப்புகளோ அருமை. அந்த வருஷம் விவசாயிக்குக் கஷ்டம், குடிப்பவனுக்கு இல்லை. பட்டியலில் இந்த வித்தியாசம் எங்கேயாவது தெரிகிறதா?

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது விலையில்தான். கடினமான வருஷம் என்றால் மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு காலத்து நியாயம். இப்போது விளைச்சல் குறைந்தால் ‘கிடைப்பதே அரிது’ என்று விலை ஏறுகிறது. விளைச்சல் நன்றாக இருந்தால் ‘மகத்தான ஆண்டு’ என்று ஏறுகிறது. 2021 ஏப்ரல் பனிக்குப் பிறகு நடந்ததும் இதுதான். தண்ணியாக இருக்கிற ஒயினை ‘நளினம்’ என்று சொல்லி விற்கிற கடைக்காரரிடம், “ஊற்றிக் காட்டுங்கள், பார்க்கலாம்” என்று சொல்லக் கூசாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பர்கண்டியில் இருக்கிற போன் (Beaune) நகரத்தில் 1354 முதலான அறுவடைத் தேதிகளைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 1988க்குப் பிறகு அறுவடை முந்தைய நூற்றாண்டுகளைவிடச் சராசரியாக 13 நாள் முன்னதாகவே தொடங்குகிறது. 2020இல் பல இடங்களில் ஆகஸ்டிலேயே பறித்துவிட்டார்கள். அக்டோபரில் போர்த்திக்கொண்டு பறித்த 2008 மாதிரி வருஷம் இனி அபூர்வம். இன்றைய கஷ்டம் முன்கூட்டித் துளிர்த்த கொடியில் ஏப்ரல் பனி விழுவதும், கோடையில் தோல் கருகுவதும்தான். நடுவில் 2024 மாதிரி ஒன்று வந்து மழையும் பூஞ்சையுமாக ஆட்டம் காட்டிவிட்டுப் போகும்.

2008 வாங்குகிறவர்களுக்கு: சரிவின் நடுப்பகுதித் தோட்டம், பொறுக்குவதில் கறாரான தயாரிப்பாளர், வாங்கியதிலிருந்து ஒரே நிலவறையில் இருந்த பாட்டில். இந்த மூன்றும் இருந்தால் வருஷத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதினைந்து, பதினாறு டிகிரி செல்சியஸில், வயிறு அகன்ற பெரிய கோப்பையில் ஊற்றுங்கள். கூட வறுத்த கோழி போதும், கொம்தே சீஸ் இருந்தால் நல்லது. அந்த ஊர் எப்வாஸ் சீஸைத்தான் வைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அதன் நாற்றத்துக்கு முன்னால் பழைய ஒயின் வாய் திறக்காது. மட்டன் சுக்கா கூடவே கூடாது. அண்ணன் ஒருமுறை வைத்துப் பார்த்தார், சுக்கா நன்றாக இருந்தது.

2004க்காக வாதாட வருகிறவர்கள் வரலாம். எந்த ஊர், எந்தத் தோட்டம், எப்போது திறந்தீர்கள் என்ற விவரத்தோடு வாருங்கள்.