62 படிகள்

கோத்தகிரியில் எங்கள் வீடு ரோட்டிலிருந்து 62 படி கீழே இருக்கிறது. அம்மாவின் முழங்காலை எத்தனை எக்ஸ்ரே எடுத்தாலும் இது அதில் தெரியாது.

போன ஆண்டு ஐப்பசியில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூட்டு நன்றாகத் தேய்ந்துவிட்டது. மாற்றிவிடலாம், அடுத்த வாரமே வாருங்கள்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். நான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பேனா எழுதவில்லை. நர்ஸ் வேறு பேனா தேடிப் போன இடைவெளியில், "மழை முடியட்டுமே" என்றார் அம்மா. "வலிக்கு என்ன மழையும் வெயிலும்?" என்று அதட்டினேன். அதற்கும் அவர் கையெழுத்துப் போடவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டோம். மேட்டுப்பாளையம் தாண்டும்வரை நான் பேசவே இல்லை.

மலைக்குத் திரும்பியதும், எங்களுக்குப் பழக்கமான ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரிசைக்குப் பத்தாக நூறு புள்ளி வைத்தார். "அம்மா, இந்த ஆபரேஷன் செய்துகொண்ட நூறு பேர் இவர்கள். ஏறக்குறைய எண்பது பேர் நல்லதாகப் போயிற்று என்கிறார்கள். இருபது பேருக்கு நினைத்த அளவு சுகம் இல்லை. ஒருவர், இருவருக்குச் சீழ் பிடிக்கலாம்." உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை என்று மற்ற வழிகளையும் பக்கத்திலேயே எழுதினார். மாற்றிய மூட்டோடு தரையில் சம்மணமிட்டு உட்காருவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா கட்டைவிரலால் கடைசி இரண்டு வரிசையையும் மறைத்துப் பார்த்தார். "இதில் நான் எது?" "அது எனக்கும் தெரியாது அம்மா. உங்களுக்கு எது முக்கியம், சொல்லுங்கள்."

நாற்பது ஆண்டு தேயிலைக் கொழுந்து பறித்தவரிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

மருத்துவ உலகில் இப்படிப்பட்ட தாள்களையும் படங்களையும் முறையாகவே தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்ய நூறு முகங்கள் வரைந்த தாளையே மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பார்க்கிறார்கள். இங்கே கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். வாசலில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 105 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2017இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய தாள்களால் கூடுதலாகப் பிடித்த நேரம் சுமார் இரண்டரை நிமிடம்தான். நம் உச்ச நீதிமன்றமும் 2008இல் சமீரா கோலி வழக்கில், பலன், ஆபத்து, மாற்று வழி மூன்றையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவது எதில் சேர்த்தி?

அச்சடித்த தாளைக் கையில் திணித்து, "படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்று அனுப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. அது நோயாளியைத் தனியே தவிக்கவிடுவது. பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பேச்சிலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்ததன் அருமை எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. என்னைப் போல அம்மாவுக்குப் பதிலாகத் தலையாட்டும் பிள்ளைகளை அந்த ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்தாலும் தகும்.

அம்மா கடைசியில் ஆபரேஷனுக்கே சம்மதித்தார். ஆனால் தை மாதத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் படிகளில் பாசி பிடித்துவிடும். புது மூட்டோடு வழுக்கினால் தூக்க ஆள் இல்லை. தையில் படி காய்ந்திருக்கும், பனியில் கொழுந்தும் குறைந்து எனக்கு விடுப்பு கிடைக்கும். அத்தனையும் யோசித்துத்தான் அன்றைக்கு மழை என்றிருக்கிறார்.

இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார். வலி பாதிக்குப் பாதி போய்விட்டது என்கிறார். அந்தப் புள்ளித் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டு அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா அதை எடுத்து விரித்து, "முதலில் இதை எண்ணு" என்றார்.